குயிலின் வேலையைச் செய்யும் மீன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த, குயில்களின் இனப்பெருக்கம் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பறவைகளின் வாழ்க்கையை இத்தனை எளிமையாகவும் பிழை குறைவாகவும் எழுதுவது சுலபமான காரியம் அன்று என்பதை, பள்ளியில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் அறிவேன். ஆயினும் அக்கட்டுரையில் இரண்டு கருத்துகளை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. முதுகெலும்புள்ள உயிரினங்களில் பறவைகளைத் தவிர வேறு எதுவும் தன் முட்டையைப் பிறரிடம் தள்ளிவிட்டுப் பிழைப்பதில்லை என்பது ஒன்று; இப்படி ஏமாறும் உயிர்கள் யாவும் தம் முட்டையையும் பிறர் முட்டையையும் பிரித்தறியத் தெரியாத ஏமாளிகள் என்பது மற்றொன்று. முதலாவது தகவல் பிழை. இரண்டாவது அதைவிடப் பெரிய பிழை என்பது என் கருத்து. இரண்டையும் திருத்துவதற்கு ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரியில் வாழும் ஒரு சிறிய கெளுத்தி மீனே போதும்.

அறிவியலில் அந்த மீனின் பெயர் சைனோடான்டிஸ் மல்டிபங்டேட்டஸ். வண்ணமீன் வளர்ப்போர் 'குக்கூ கேட்ஃபிஷ்' என்பார்கள். இக்கடிதத்தில் குயில் கெளுத்தி என்றே குறிப்பிடுகிறேன். தான்சானியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, புருண்டி, சாம்பியா ஆகிய நான்கு நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் தாங்கனிக்கா, ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீளமும், மிக ஆழமான இடத்தில் 1,470 மீட்டர் ஆழமும் கொண்ட நன்னீர் ஏரி. ஆழத்தில் சைபீரியாவின் பைக்கால் ஏரிக்கு அடுத்த இடம் அதற்குத்தான். பிரிட்டனைச் சேர்ந்த மூர் என்பவரின் தலைமையில் 1895-96இல் அங்கு சென்ற குழு திரட்டிவந்த மீன்களை ஆராய்ந்த பூலஞ்சர், 1898இல் இந்தக் கெளுத்திக்குப் பெயர் சூட்டினார். ஆனால் அது எப்படிக் குஞ்சு பொரிக்கிறது என்பது அதன்பின் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் அறிவியல் உலகுக்குத் தெரியவில்லை.

பார்ப்பதற்கு மிக அழகான மீன். வெளிறிய மஞ்சளும் வெண்மையும் கலந்த உடல் முழுவதும் கரும்புள்ளிகள். கருத்த துடுப்புகளுக்கு வெண்ணிற ஓரம். நன்றாகப் பிளவுபட்ட வால். முகத்தின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய கண்கள். எல்லாக் கெளுத்திகளையும் போலவே இதற்கும் செதில் கிடையாது. மேல்தாடையில் உள்ள ஒரு சோடி மீசை நீண்டு தனியாக இருக்க, கீழ்த்தாடையில் உள்ள இரண்டு சோடி மீசைகள் கிளைவிட்டிருக்கும். இக்குடும்பத்து மீன்களை அடையாளம் காண இதுவே நல்ல குறி. முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் முன்னால் நிற்கும் முள்ளை விறைப்பாக நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும் திறன் உண்டு. ஆகவே கண்ணி வலையால் அள்ளினால் முள் வலையில் சிக்கிக்கொள்ளும். விவரம் அறிந்தவர்கள் இதைக் குவளையில்தான் பிடிப்பார்கள். மார்புத் துடுப்பு முள்ளின் அடிப்பகுதியைத் தோள் எலும்போடு உரசி 'கிரீச்' என்று ஒலி எழுப்பவும் செய்யும். இந்த முட்களை நச்சுச் சுரப்பிகளும் ஒட்டியிருப்பதால், ஏரியின் பெரிய மீன்கள் இதை விழுங்கும்முன் யோசிக்க வேண்டியிருக்கிறது. வளர்ப்புத் தொட்டிகளில் பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். ஏரியில் அதைவிடப் பெரியவையும் உண்டு. நத்தைகளும் பூச்சிப் புழுக்களும் உணவு. தனித்துத் திரியாமல் கூட்டமாக அலைவது இதன் இயல்பு. அந்தக் கூட்டம் எதற்குப் பயன்படுகிறது என்பது பின்னர் விளங்கும்.

இந்தக் கெளுத்தி ஏமாற்றுவது யாரை என்பதைச் சொல்வதற்கு முன், வாயில் அடைகாக்கும் பழக்கத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தாங்கனிக்காவில் வேறெங்கும் காணப்படாத சிக்லிட் மீனினங்கள் ஏறத்தாழ இருநூறுக்கு மேல் இருக்கின்றன. நம் ஏரி குளங்களில் மண்டிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும், ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அதே சிக்லிட் குடும்பத்து மீன்தான் என்பதால், இந்தப் பழக்கத்தைக் காணத் தமிழ் வாசகர்கள் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. பெண் மீன் முட்டையிட்டவுடன் அவற்றை வாயில் எடுத்துக்கொண்டு, குஞ்சு பொரித்து அவை தாமே நீந்தும் வரை சுமந்து திரியும். தாங்கனிக்காவின் பல சிக்லிட்களில் இது சுமார் மூன்று வாரம் நீடிக்கும்; அந்த நாட்களில் தாய் இரை எடுப்பது மிக அரிது, பல இனங்களில் அறவே இல்லை. பட்டினியால் வயிறு ஒட்டி, கீழ்த்தாடை மட்டும் பை போலப் புடைத்து நிற்கும் அந்தத் தாய் மீனைக் கண்டவர்களுக்கு, அந்த வாயைவிடப் பாதுகாப்பான தொட்டில் தண்ணீருக்குள் இருக்க முடியாது என்றே தோன்றும். குயில் கெளுத்தி புகுவது அந்தத் தொட்டிலுக்குள்தான்.

ஆப்பிரிக்க சிக்லிட்களையும் குயில் கெளுத்திகளையும் ஒரே தொட்டியில் வளர்க்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் இதை நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தட்டையான ஒரு கல்லின் மேல் ஆணும் பெண்ணும் வட்டமிட்டுச் சுழன்றுகொண்டிருந்தன. பெண் சில முட்டைகளை இட்டுவிட்டு உடனே திரும்பி வாயில் அள்ளும். அதன் பின் ஆணின் அடித்துடுப்பில் உள்ள, முட்டை போலவே தோற்றமளிக்கும் மஞ்சள் பொட்டுகளை நோக்கி வாயைக் கொண்டுபோகும். அப்போது ஆண் வெளியிடும் விந்து வாய்க்குள் சென்று முட்டைகள் கருவுறும். இந்த ஒழுங்கு மூன்று நான்கு சுற்று நடந்திருக்கும். அதுவரை கல்லிடுக்கில் அசையாமல் கிடந்த கெளுத்திகள் திடீரெனக் கூட்டமாகப் பாய்ந்து, சுழன்றுகொண்டிருந்த சோடிக்கு நடுவே புகுந்தன. ஆண் சிக்லிட் ஒன்றைத் துரத்தினால் மற்றொன்று மறுபக்கம் நுழைந்தது. சிதறிய சிக்லிட் முட்டைகளைக் கெளுத்திகள் விழுங்கின; அதே நொடியில், அதே இடத்தில், தம் முட்டைகளையும் உதிர்த்தன. பெண் சிக்லிட் தன் முட்டைகள் பறிபோகின்றன என்ற பதற்றத்தில் கல்லின் மேல் கிடந்தவற்றையெல்லாம் அவசர அவசரமாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டது. கெளுத்தி முட்டைகள் சிக்லிட் முட்டைகளைவிடத் தெளிவாகச் சிறியவை. கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கே வித்தியாசம் தெரிந்தது. ஆனால் பிரித்துப் பார்க்கும் அவகாசத்தைக் கெளுத்திக் கூட்டம் அந்தப் பெண்ணுக்குத் தரவில்லை.

வாய்க்குள் அதன்பின் நடப்பதை முதலில் உலகுக்கு எடுத்துரைத்தவர் ஜப்பானிய ஆய்வாளர் டெட்சு சாடோ. 1986இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை, தாங்கனிக்காவில் பிடிபட்ட தாய் சிக்லிட்களின் வாயில் கெளுத்திக் குஞ்சுகள் இருந்ததைப் பதிவு செய்தது. கெளுத்தி முட்டைகள் சிக்லிட் முட்டைகளுக்கு முன்பாகவே, இரண்டு மூன்று நாட்களில் பொரித்துவிடுகின்றன. தம் மஞ்சள்கருவைத் தின்று தீர்த்த குஞ்சுகள், அடுத்ததாக, அதே வாயில் அருகே கிடக்கும் சிக்லிட் குஞ்சுகளை உண்ணத் தொடங்குகின்றன. தொண்டைக்கு அருகில் தன் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருவதைத் தாய் உணர்வதாகத் தெரியவில்லை. அது முறைப்படி மூன்று வாரமும் பட்டினி கிடந்து, பாதுகாப்பான இடம் பார்த்து வாயைத் திறக்கும்போது, மீசையும் புள்ளியுமாக நீந்தி வெளிவருவது பெரும்பாலும் கெளுத்திக் குஞ்சுகள் மட்டுமே. ஒரே வாயில் பல கெளுத்திக் குஞ்சுகள் அகப்பட்டு இரை தீர்ந்துவிட்டால், அவை ஒன்றையொன்று தின்னவும் தயங்குவதில்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இக்குஞ்சுகளின் தொடக்க வளர்ச்சியை ஆராய்ந்தவர்கள், பிறந்தவுடன் கொலைத் தொழிலுக்கு ஏற்றவாறே அவற்றின் வாய் வளர்வதைக் காட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் தங்கள் கட்டுரையாளர் விரிவாக எழுதிய குயிலோடு ஒப்பிட்டால், நம் ஊர்க் குயில் எவ்வளவோ நல்லது என்று சொல்லத் தோன்றும். காகத்தின் கூட்டில் பொரிக்கும் குயில் குஞ்சு, காகக் குஞ்சுகளைப் பொதுவாக வெளியே தள்ளுவதில்லை. அவற்றோடு சேர்ந்தே வளர்கிறது, இரைக்காக உரக்கக் கத்தித் தன் பங்கைவிடக் கூடுதலாகப் பெற்றுக்கொள்கிறது, அவ்வளவே. கட்டுரையில் சொல்லப்பட்ட 'கண் திறக்கும் முன்பே பிற முட்டைகளை முதுகால் உருட்டித் தள்ளும் குஞ்சு' ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் வேறு குயிலினத்தைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதியிருப்பது மூன்றாவதாக ஒரு குறை. ஆப்பிரிக்காவின் தேன்காட்டிப் பறவையின் குஞ்சோ, அலகின் நுனியில் உள்ள கொக்கியால் உடன்பிறவாக் குஞ்சுகளைக் குத்திக் கொன்றுவிடும். ஆனால் கொன்ற குஞ்சை அது தின்பதில்லை. குயில் கெளுத்தி, வளர்ப்புத் தாயின் உழைப்பையும் எடுத்துக்கொள்கிறது, அவள் பிள்ளைகளையே உணவாகவும் எடுத்துக்கொள்கிறது. பட்டினி கிடக்கும் தாயால் வாய்க்குள் இரை ஊட்ட முடியாது என்பதால், கெளுத்திக் குஞ்சுக்கு வேறு வழியும் இல்லை.

இனி, ஏமாளிகள் என்ற இரண்டாவது கருத்துக்கு வருகிறேன்.

செக் குடியரசின் பிர்னோ நகரில் உள்ள முதுகெலும்பிகள் உயிரியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அவர்களுடைய சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிகவும் பயன்படும். அவர்கள் தாங்கனிக்காவில் கெளுத்தியோடு காலங்காலமாக வாழ்ந்துவரும் சிக்லிட்களையும், கெளுத்தியை ஒருபோதும் கண்டறியாத பிற ஆப்பிரிக்க நீர்நிலைகளின் உறவின சிக்லிட்களையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். தாங்கனிக்கா சிக்லிட்கள் வாயில் எடுத்துக்கொண்ட கெளுத்தி முட்டைகளை அடையாளம் கண்டு வெளியே துப்பிவிடுவதில் தேர்ந்தவையாக இருந்தன. ஆக, பிரித்தறியத் தெரியாது என்பது உண்மையன்று. ஆனால் அதற்கு அவை ஒரு விலை கொடுக்கின்றன: கைகள் இல்லாத உயிர், வாய்க்குள் குலுக்கிப் பிரித்துத் துப்ப முயலும்போது, சொந்த முட்டைகளும் சேதமடைகின்றன, சில தவறி வெளியேயும் போகின்றன. கெளுத்தி அபூர்வமாகவே வரும் இடத்தில் இப்படி ஓயாமல் சோதித்துக்கொண்டிருப்பது, கெளுத்தியை விடவும் அதிக நட்டத்தை உண்டாக்கக்கூடும். அங்கே, வாயில் எடுத்ததைக் கேள்வி கேட்காமல் சுமப்பதுதான் தாய்க்கு லாபம். அந்தக் கணக்கைக் காணாமல் அதை மடமை என்று எழுதுவது, பறவைகளுக்கும் நியாயம் செய்வதாகாது என்று நினைக்கிறேன்.

பிற ஏரிகளின் சிக்லிட்கள், எதிர்பார்த்தபடியே, கெளுத்தியிடம் எளிதில் சிக்கின. எனக்கு வியப்பளித்தது வேறொரு முடிவு. கெளுத்தியோடு காலங்காலமாக வாழ்ந்துவரும் தாங்கனிக்கா சிக்லிட்களிலும், முன்பு அதனிடம் பட்டவை அனுபவத்தால் கற்றுக்கொள்கின்றன. அப்படி அனுபவம் பெற்றவற்றுக்குக் கெளுத்தியால் குறிப்பிடத்தக்க நட்டம் ஏற்படுவதில்லை. பல தலைமுறைகளாக உடம்பில் ஊறி வருவதும், ஒரே வாழ்நாளில் பட்டுத் தெளிவதும் இரண்டு வெவ்வேறு அரண்கள் என்பதை மீன்களிடம் இத்தனை தெளிவாகக் காணலாம் என்று நான் பாடம் நடத்திய காலத்தில் யாரேனும் சொல்லியிருந்தால் எளிதில் நம்பியிருக்க மாட்டேன்.

அதே பிர்னோ குழுவினர் 2019இல் மற்றொன்றையும் எடுத்துக்காட்டினார்கள். குஞ்சுகளை வெளியே விட்ட பிறகும், ஆபத்து வந்தால் தாய் சிக்லிட் அவற்றை மீண்டும் வாயில் சேர்த்துக்கொள்ளும். வாய்க்கு வெளியே அலைந்து திரியும் கெளுத்திக் குஞ்சுகள் இந்தத் தாய்மைப் பழக்கத்தையும் பயன்படுத்திக்கொள்கின்றன. வழிதவறிய தன் பிள்ளை என்று எண்ணி அள்ளும் தாயின் வாய்க்குள் அவை போய்ச் சேர்ந்துவிடுகின்றன. முட்டையாக நுழையத் தவறினாலும் குஞ்சாக நுழைய ஒரு கதவு திறந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் கெளுத்தி இனமே இப்படித்தான் என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நம் கடலோரத்துக் கடல் கெளுத்திகளில் ஆண் மீன்தான் கோலிக்குண்டு அளவு முட்டைகளை வாயில் சுமந்து, வாரக்கணக்கில் பட்டினி கிடக்கிறது என்பதை மீனவர்கள் நன்கு அறிவார்கள். தாங்கனிக்காவுக்குத் தெற்கே மலாவி ஏரியில் வாழும் 'கம்பாங்கோ' என்னும் பெரிய கெளுத்தி, தன் குஞ்சுகளைக் கூட்டில் வைத்துக் காவல் காக்கும்போது, சில சிக்லிட்கள் தம் குஞ்சுகளையும் அங்கே கொண்டுவந்து விட்டுச் செல்கின்றன. கெளுத்தி அவற்றையும் சேர்த்தே காக்கிறது. ஓர் ஏரியில் கெளுத்தி சிக்லிட்டின் பிள்ளையைத் தின்கிறது, மற்றோர் ஏரியில் வளர்க்கிறது.

பிற மீன்களின் கூட்டில் சந்தர்ப்பம் வாய்த்தால் முட்டையிடும் மீன்கள் வேறு சிலவும் உண்டு. ஆனால் அவை தாமாகவும் இனப்பெருக்கம் செய்யக்கூடியவை. பிறர் உதவியின்றிச் சந்ததியை வளர்க்கவே இயலாத நிலைக்கு வந்துவிட்ட உயிர்களில், பறவைகளுக்கு வெளியே, முதுகெலும்புள்ளவற்றில் இதுவரை உறுதியாக அறியப்பட்டது குயில் கெளுத்தி. எறும்புகளிலும் தேனீக்களின் உறவினங்களிலும் இப்பழக்கம் ஏராளம் என்றாலும், கட்டுரையின் வாக்கியம் முதுகெலும்பிகளைப் பற்றியது என்பதால் அவற்றை இங்கே இழுக்கவில்லை.

வண்ணமீன் வளர்க்கும் வாசகர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. தாங்கனிக்காவின் சைனோடான்டிஸ் இனங்களை 2006இல் மறுஆய்வு செய்த ரைட், பேஜ் ஆகிய இருவரும், குயில் கெளுத்தியை மிகவும் ஒத்த, அதைவிடச் சிறிய உடலும் பெரிய கண்ணும் உடைய மீனை 'சைனோடான்டிஸ் கிராண்டியாப்ஸ்' என்று தனி இனமாகப் பிரித்தார்கள். அதற்கு முன்பு எழுதப்பட்ட வளர்ப்புக் குறிப்புகளில் இரண்டும் கலந்திருக்க வாய்ப்புண்டு. கடையில் ஒரே பெயரில் விற்கப்படுவதும் எப்போதும் ஒரே மீனாக இருக்க வேண்டியதில்லை. மற்றொன்று, நம்மிடையே இதை வளர்ப்போர் பெரும்பாலும் மலாவி ஏரி சிக்லிட்களோடு சேர்த்தே வளர்க்கிறார்கள். அவை கெளுத்தியை அறியாத இனங்கள் என்பதால், தொட்டியில் கெளுத்திக் குஞ்சு எளிதில் கிடைப்பதைப் பார்த்து, ஏரியிலும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. மேலும், அரசு தடைசெய்திருக்கும் 'ஆப்பிரிக்கக் கெளுத்தி' என்பது கிளாரியஸ் பேரினத்தைச் சேர்ந்த, ஒரு மீட்டருக்கு மேல் வளரும், வேறொரு மீன். இரண்டையும் குழப்பிக்கொண்டு நண்பரின் வீட்டில் ஒருவர் எச்சரிக்கை செய்ததைக் கேட்டிருக்கிறேன். இருந்தாலும் எந்த அயல்நாட்டு மீனையும் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வாயில் அடைகாக்கும் ஜிலேபிக் கெண்டை நம் நீர்நிலைகளில் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதைப் பார்த்தபின் யாருக்கும் அந்தத் துணிச்சல் வரக் கூடாது.

தங்கள் ஞாயிறு இணைப்பின் அறிவியல் பக்கத்தைப் பள்ளி மாணவர்கள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்வதையும், போட்டித் தேர்வுக்குப் படிப்போர் அதிலிருந்து குறிப்பெடுப்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஆகவே, 'பறவைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை' என்ற வாக்கியத்துக்கும், காகக் கூட்டுக் குயிலையும் ஐரோப்பியக் குயிலையும் கலந்து எழுதிய பத்திக்கும் அடுத்த ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், வாயில் முட்டை சுமக்கும் தாய் சிக்லிட் ஒன்றின் படத்தையும், அருகே குயில் கெளுத்தியின் படத்தையும் சேர்த்து வெளியிட்டால், நீண்ட விளக்கம் தேவைப்படாது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.